சந்தனப் பொட்டு வைத்த சாட்சி

"ஐயோ... செத்துப் போச்சே!"

காலை ஆறு மணி. கீழ்பென்னாத்தூர் ரோட்டில், வேர்க்கடலைக் கொல்லைகளுக்கு நடுவே நிற்கிற அந்தப் பால் குளிரூட்டும் நிலையத்துக்குள்ளிருந்து அலறல் வந்தது.

வெளியே காலி கேன்களை உருட்டிக்கொண்டிருந்த ஆதிமூலம் ஓடினார்.

ஓடினார் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். இருபது வருஷமாய் நாற்பது லிட்டர் கேனைத் தூக்கித் தூக்கி, வலது தோள் இடது தோளைவிட அரை சாண் இறங்கிப் போன உடம்பு. அவர் ஓடினால் தேர் திரும்புகிற மாதிரி இருக்கும்.

உள்ளே தனம் நின்றிருந்தாள். மெஷின் ஆபரேட்டர். முப்பது வயது. பெரிய எவர்சில்வர் தொட்டியின் மூடியைத் திறந்து பிடித்திருந்தாள்.

"யாரும்மா செத்தது?"

அவள் தொட்டிக்குள்ளே விரலை நீட்டினாள்.

ஆதிமூலம் மூச்சைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

பிணம் வெள்ளையாக இருந்தது.

மூவாயிரம் லிட்டர் இருந்தது!

அத்தனை பாலும் திரிந்து, கட்டி கட்டியாய் மிதந்தது. புளித்த நாற்றம் மூக்கில் அறைந்தது.

"அடக் கடவுளே... நேத்துக் காலையில நான் ஊத்துன பாலுதானே இது? ஒவ்வொரு கேனா இந்தத் தோளுல சுமந்தேனே!"

"தானா சாவலண்ணா. கொன்னுட்டாங்க!"

தனம் சுவரைக் காட்டினாள்.

சுவிட்ச் போர்டு. அதில் சந்தனம், குங்குமம், சாமந்திப் பூ. நேற்று ஆயுத பூஜை. வரிசையாய் லைட் சுவிட்சுகள். அவற்றுக்குப் பக்கத்திலேயே, பாலைக் குளிர வைக்கிற மெஷினுக்கான சிவப்புக் கைப்பிடி.

எப்போதும் மேலே நிற்க வேண்டிய கைப்பிடி.

கீழே இறங்கிக் கிடந்தது!

* * *

மேனேஜர் ராஜேந்திரன் வந்தபோது சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போயிருந்தது. ஆனால் கழுத்தில் கேமரா மட்டும் சரியாகத் தொங்கியது. துபாயிலிருந்து மச்சான் அனுப்பிய டிஜிட்டல் கேமரா. குளிக்கும்போது மட்டும்தான் கழட்டுவார் என்று கேள்வி.

தொட்டியைப் பார்த்தார். தலையில் கை வைத்தார். அடுத்த நிமிஷமே அந்தக் கையை எடுத்து தனத்தை நோக்கி நீட்டினார்.

"நீதான்!"

"நானா சார்?"

"ஆபரேட்டர் யாரு? நீ. வீட்டுக்குப் போற அவசரம்! லைட்டை அணைக்கறேன்னு அதையும் சேர்த்து அணைச்சிட்டுப் போயிட்டே!"

"சார், மனசாட்சியோட பேசுங்க. காலையில ஒம்போது மணிக்குத்தான் பாலு தொட்டிக்கு வந்துச்சு. நாலு டிகிரிக்கு இறங்க மதியம் பன்னெண்டு ஆவும், அதுவரைக்கும் நான் இருக்கறேன்னு சொன்னேனா இல்லியா?"

"அது..."

"பத்து மணிக்கெல்லாம் பொரி மூட்டையை என் தலையில ஏத்தி, கேட்டாண்ட போயி எல்லாருக்கும் குடுத்துட்டு அப்படியே வீட்டுக்குப் போ, மெஷினை நான் பார்த்துக்கறேன்னு அனுப்புனது யாரு?"

"நான் எங்க அப்படிச் சொன்னேன்?"

ராஜேந்திரன் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். பொய் சொல்கிறவர்களுக்குக் கூரையில் என்னதான் எழுதியிருக்குமோ!

நேற்று மாலையே டேங்கர் லாரி வந்திருந்தால் குட்டு உடனே உடைந்திருக்கும். ஆனால் லாரிக்கும் ஆயுத பூஜை. மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, நிறுத்தி விட்டார்கள். பூஜை போட்ட வண்டியை அன்றைக்கே எடுப்பார்களா? மாலைப் பாலும் வேண்டாம் என்று ஊருக்கெல்லாம் சொல்லியாகி விட்டது. நிலையத்தைப் பூட்டினார்கள். உள்ளே மூவாயிரம் லிட்டர் மட்டும் தனியாகக் கிடந்து செத்தது.

"தனம், அஞ்சு வருஷமா தினக்கூலி நீ. வர்ற ஒண்ணாந்தேதி உனக்கு பர்மனென்ட் ஆர்டர். என் மேஜை மேலதான் இருக்கு."

"தெரியும் சார்."

"இனிமே அது இல்ல. வேற லெட்டர் அடிக்கப் போறேன். டிஸ்மிஸ்! போலீஸ் கேஸ் நம்பர் எழுத மட்டும் ஒரு கோடு விட்டு வைப்பேன். நம்பர் வந்ததும் கையெழுத்து!"

அவர் ஃபோனை எடுத்தார்.

தனத்தின் முகத்தில் இருந்த மிச்ச ரத்தமும் போயிற்று. அஞ்சு வருஷம். பொங்கல் கிடையாது, தீபாவளி கிடையாது. இந்தத் தொட்டிதான் வீடு. இப்போது ஒரு கோடு. அந்தக் கோட்டில் ஒரு நம்பர் விழுந்தால் எல்லாம் முடிந்தது!

* * *

ஜீப் புழுதியோடு வந்து நின்றது.

இறங்கினார் சப்-இன்ஸ்பெக்டர் புகழேந்தி. மீசை முதலில் இறங்கியது. பின்னால் ஏட்டு சின்னசாமி. ரிட்டயர்மென்ட்டுக்கு எட்டு மாசம். எதற்கும் அசராத முகம்.

"எங்கய்யா பாடி?"

"தொட்டிக்குள்ளீங்க" என்றார் ஆதிமூலம்.

புகழேந்தி எட்டிப் பார்த்தார். முகம் சுளித்தார். பிறகு முகம் சிவந்தது.

"இதே இடத்துல நேத்துதானே எனக்குப் பொன்னாடை போர்த்துனீங்க! பூஜைக்கு நான்தானே சீஃப் கெஸ்ட்! நான் வந்து போன இடத்துல ஒருத்தன் கை வெச்சிருக்கான்னா... அது பால் மேல வெச்ச கை இல்லய்யா. என் மீசை மேல வெச்ச கை!"

"மீசையில பாலு ஒட்டுனா ஆவாதுங்கய்யா" என்றார் சின்னசாமி.

"யோவ்!"

புகழேந்தி சிவப்புக் கைப்பிடியின் எதிரே போய் நின்றார். நெஞ்சை நிமிர்த்தினார்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. இந்தக் கைப்பிடியை இழுத்த கை எந்தக் கையா இருந்தாலும் சரி... அதுல விலங்கு மாட்டாம இன்னிக்கு நான் தொப்பியைக் கழட்ட மாட்டேன்! சின்னசாமி, விலங்கு எடுத்துட்டு வந்தியா?"

"வந்திருக்குங்கய்யா. ஆனா அதுக்கு சாவி..."

"இப்ப சாவியா முக்கியம்? முதல்ல குற்றவாளி! ரேகை எடுய்யா!"

சின்னசாமி கைப்பிடியை உற்றுப் பார்த்தார்.

"எடுக்கலாங்கய்யா. ஆனா சந்தனத்தை வழிச்சுட்டுத்தான் எடுக்கணும். அரை இஞ்சுக்கு அப்பியிருக்காங்க. அதுல ஊருல பாதிப் பேரு விரலு இருக்குது."

மேனேஜர் ஓடி வந்தார்.

"எதுக்கு சார் ரேகை? இவதான். இவ பேரை எழுதி நம்பர் மட்டும் குடுத்துடுங்க."

புகழேந்தி திரும்பினார். கையிலிருந்த லத்தி தனத்தின் முகத்துக்கு நேராக நின்றது.

"என்னம்மா சொல்றே?"

தனம் ஓர் அடி பின்னால் நகர்ந்தாள்.

"சாட்சி இருக்குது சார்."

"யாரு?"

"அதோ!"

எல்லோரும் திரும்பினார்கள்.

சுவரில் ஒரு பச்சைப் பெட்டி. அதன் தலையில் ஒரு சாமந்திப் பூ. நெற்றியில் குங்குமம். படித்தவர்கள் அதை டேட்டா லாகர் என்பார்கள். ஆதிமூலத்துக்கு அது பச்சைப் பெட்டி. பீப்... பீப்... என்று ஓயாமல் அழுதுகொண்டிருந்தது.

"அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் பாலு எத்தினி டிகிரின்னு எழுதி வெச்சுக்கும் சார். உள்ள ஒரு கார்டு இருக்குது. தபால்தலை அளவுதான். எத்தினி மணிக்கு குளிரு நின்னு போச்சுன்னு அது சொல்லிடும். பத்து மணிக்கு மேல நான் கேட்டாண்டதான் இருந்தேன். நூறு பேரு பார்த்திருக்காங்க."

மேனேஜரின் முகத்தைக் கவனிக்க அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

அது திரிந்து போயிருந்தது. தொட்டிப் பால் மாதிரியே!

"அ... அதெல்லாம் எதுக்கு? அது பழைய பெட்டி சார். சும்மா கத்திட்டே இருக்கும்."

"தபால்தலை அளவு சாட்சியா!"

புகழேந்தி பெட்டியை நோக்கிப் பாய்ந்தார். கார்டு செருகியிருந்த இடத்தில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போயின. பிடித்து இழுக்கப் போனார்...

"தொடாதீங்க!!"

தனத்தின் குரலில் கேன்கள் கூட அதிர்ந்தன. எஸ்.ஐ. கையை உதறிக்கொண்டு பின்வாங்கினார்.

"ஷாக் அடிக்குமா?"

"உங்களுக்கு ஒண்ணும் ஆவாது. கார்டுக்குத்தான் ஆவும். அந்தப் பச்சை லைட்டு கண்ணு சிமிட்டுது பாருங்க. எழுதப் பார்த்துட்டு இருக்குதுன்னு அர்த்தம். எழுதறப்ப புடுங்கினா எழுதுனதெல்லாம் கந்தலாப் பூடும். முதல்ல இந்தப் பட்டனை அழுத்தணும். லைட்டு அடங்கற வரைக்கும் நிக்கணும். அப்புறம் கார்டை லேசா உள்ள ஒரு தள்ளு... அதுவே வெளிய வந்துடும்."

"இதெல்லாம் உனக்கு யார் சொன்னது?"

"பெட்டியை மாட்ட வந்த இன்ஜினீயர் எல்லாருக்கும்தான் சொன்னாரு. அன்னிக்கு போண்டா போட்டிருந்தாங்க. நான் ஒருத்திதான் அவரைப் பார்த்துட்டு இருந்தேன்."

"மத்தவங்க?"

"போண்டாவை" என்றார் ஆதிமூலம். அவர் மட்டும் ஆறு தின்றிருந்தார்.

தனம் பட்டனை அழுத்தினாள். விளக்கு இரண்டு தரம் சிமிட்டியது. அடங்கியது. ஒரு தள்ளு. க்ளிக்! கார்டு தலை நீட்டியது. ஓரங்களை மட்டும் பிடித்து எடுத்தாள்.

* * *

மேனேஜர் அறையில் கம்ப்யூட்டர் எழுந்திருக்க ஐந்து நிமிஷம் ஆனது. கார்டைச் செருகியதும் திரையில் ஒரு கட்டம் குதித்தது.

"என்னய்யா கேக்குது?" என்றார் புகழேந்தி.

ராஜேந்திரன் முகத்தில் வெளிச்சம் வந்தது. பழைய கோயில் விளக்கில் எண்ணெய் ஊற்றினாற்போல!

"ஒண்ணுமில்ல சார். கார்டு அழுக்கா இருக்குதாம். ஃபார்மேட் பண்ணவான்னு கேக்குது. ஆமான்னு அழுத்திட்டா சுத்தமாயிடும்."

"சுத்தம் நல்லதுதானே. அழுத்துய்யா."

மவுஸின் மேல் விரல் இறங்கியது...

இன்னும் அரை இஞ்சு...

பட்டென்று ஒரு கை வந்து மவுஸையே தூக்கி விட்டது. தனம்!

"சார்! ஃபார்மேட்டுன்னா அழிக்கிறது. ஆமான்னு அழுத்துனா எல்லாம் துடைச்சுட்டுப் பூடும். கார்டு படிக்கலன்னா அப்படியே எடுத்து வெச்சுட்டு, தெரிஞ்சவங்க கிட்ட குடுக்கணும்."

புகழேந்தி மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் கூரையைப் பார்த்தார்.

"தெ... தெரியாம சொல்லிட்டேன் சார்."

"சரி, வெளிய எடு. சின்னசாமி! எவிடன்ஸ். சீல் வைய்யா!"

கம்ப்யூட்டரிலும் வெளியே எடுக்கிறேன் என்று முறையாகச் சொல்லிவிட்டுத்தான் தனம் கார்டை எடுத்தாள். மேஜை மேல் வைத்துத் திரும்பினாள். மூக்கில் கருகல் வாடை.

சின்னசாமி சிவப்பு அரக்குக் குச்சியைத் தீக்குச்சியில் காட்டி உருக்கிக்கொண்டிருந்தார். ஒரு சொட்டு கார்டுக்கு நேர் மேலே தொங்கியது!

"ஐயய்யோ! ஏட்டய்யா! இன்னா பண்றீங்க?"

"சீல் வெக்க வேணாமா? முப்பத்திரண்டு வருஷமா இப்படித்தாம்மா வெக்கிறேன். கத்தி, அரிவாள், ஒருதரம் கோழிக்குக் கூட வெச்சிருக்கேன்."

"கோழி எழுதி வெக்காது. இது எழுதி வெச்சிருக்குது!"

சொட்டு விழுந்தது. மேஜையில், கார்டுக்குப் பக்கத்தில், ஒரு விரற்கடை தள்ளி!

தனம் தன் சாப்பாட்டுப் பையைத் திறந்தாள். ஊறுகாய் டப்பாவுக்குப் பக்கத்திலிருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் பெட்டி வந்தது. கார்டுக்கென்றே வந்த பெட்டி. அதற்குள் வைத்து மூடினாள்.

"வெயிலு, தண்ணி, தூசி எதுவும் ஆவாது சார் இதுக்கு."

"யாருகிட்ட குடுத்தா படிப்பாங்க?"

"டவுன்ல, ஆசிரமத்தாண்ட ஒரு ஸ்டூடியோ இருக்குது. கீதாஞ்சலின்னு ஒரு பொண்ணு. வெள்ளைக்காரங்க கேமராவுல படம் போயிட்டா அதுகிட்டதான் அழுதுகினு ஓடுவாங்க."

"ஏறு ஜீப்ல!"

* * *

ஜீப் திண்டிவனம் ரோட்டில் டவுனைப் பார்த்துப் பறந்தது. பின் சீட்டில் ஆதிமூலம். இரண்டு உள்ளங்கையிலும் அந்தப் பெட்டி. கற்பூரத் தட்டு ஏந்துகிற மாதிரி ஏந்தியிருந்தார்.

"குடுங்க ஆதிமூலம். நான் வெச்சுக்கறேன்" என்றார் ராஜேந்திரன். ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தார்.

"வேணாங்க சார்."

"கை வலிக்கப் போகுது."

"இருவது வருஷமா நாப்பது லிட்டர் கேனு தூக்கறேன். அப்பல்லாம் கேக்கல. இன்னிக்கு தபால்தலை தூக்கறேன்... கை வலிக்குதான்னு கேக்கறீங்களே சார். இன்னா விசேஷம்?"

சின்னசாமி கண்ணை மூடியபடி சிரித்தார்.

மேனேஜரின் கழுத்தில் வியர்வை. காலை எட்டு மணிதான்! கேமரா வாரில் வியர்வை ஊறிச் சொட்டியது.

ராஜகோபுரம் வந்தது. புகழேந்தி ஜீப்பை நிறுத்தாமலே கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"அருணாச்சலேஸ்வரா! அந்தக் கையை எனக்குக் காட்டிக் குடுப்பா!"

மேலே இருக்கிறவர் சில சமயம் உடனே கேட்டு விடுகிறார். அதுதான் சிக்கல்!

* * *

செங்கம் ரோடு. ஆசிரமத்துக்கு இரண்டு கட்டடம் தள்ளி, மாடியில் ஸ்டூடியோ. வாசலில் வெள்ளை வேட்டி கட்டிய வெள்ளைக்காரர் ஒருவர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். எதிர் மரத்தில் ஒரு குரங்கு ஒரு கேமரா உறையைத் தின்று பார்த்துக்கொண்டிருந்தது.

கீதாஞ்சலிக்கு இருபத்தாறு வயசு இருக்கும். தடிக் கண்ணாடி.

"வாங்க சார். அழிச்சிட்டீங்களா, ஒடச்சிட்டீங்களா, குரங்கா?"

"போலீஸ்!"

"போலீஸ் பண்ணதா? அது கொஞ்சம் கஷ்டம் சார்."

தனம் விஷயத்தைச் சொன்னாள். கீதாஞ்சலி கார்டை வாங்கி, வைரம் பார்க்கிற லென்ஸ் மாதிரி ஒன்றைக் கண்ணில் வைத்தாள். பார்த்தாள். லென்ஸை எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

"இதுக்கு யாரு சார் பொட்டு வெச்சது?"

"அடியில தங்கக் கலர்ல பல்லு மாதிரி இருக்கு பாருங்க. மெஷின் இதை வெச்சுத்தான் படிக்கும். இங்க கை ரேகை பட்டாலே ஆகாது. அத்தனை பல்லு மேலயும் சந்தனம்! நடுவுல குங்குமம் வேற!"

"நேத்து ஆயுத பூஜைம்மா. மெஷினுக்குப் பொட்டு வெக்கறதுதானே" என்றார் புகழேந்தி.

"மெஷினுக்கு வெப்பாங்க. கார்டு மெஷின் வயித்துக்குள்ள இல்ல இருக்கு? அப்ப யாரோ வெளிய எடுத்திருக்காங்க. சந்தனக் கையோட! திரும்ப உள்ள செருகியும் இருக்காங்க!"

புகழேந்தியின் மீசை நிமிர்ந்தது.

"எல்லாரும் கையை நீட்டுங்க!"

நான்கு கைகள் நீண்டன. ஆதிமூலம். தனம்.

மேனேஜர் கைகள் இரண்டும் பேன்ட் பாக்கெட்டுக்குள் போயிருந்தன.

"குளிருது சார்" என்றார்.

கீதாஞ்சலி பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு, கார்டின் பல்லை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். காய வைத்தாள். கார்டின் ஓரத்தில் கடுகளவு நீட்டிக்கொண்டிருந்த ஒரு தாழ்ப்பாளை நகத்தால் கீழே தள்ளினாள்.

"இது எதுக்கும்மா?" ஆதிமூலம் கேட்டார்.

"பூட்டு. இதைப் போட்டுட்டா படிக்கலாம். ஆனா யாரும் எழுதவும் முடியாது, அழிக்கவும் முடியாது."

மேனேஜர் வாசலைப் பார்த்தார்.

"முதல்ல காப்பி. அப்புறம்தான் பார்க்கறது."

கம்ப்யூட்டர் முனகியது. சி.டி. ஒன்று சுழன்றது. பிறகு இன்னொன்று. கீதாஞ்சலி இரண்டிலும் தேதி எழுதினாள். ஒன்றைத் தன் மேஜை டிராயரில் வைத்தாள். இன்னொன்றை தனத்திடம் நீட்டினாள். அது ஊறுகாய் டப்பாவுக்குப் பக்கத்தில் போனது.

"இப்ப பாருங்க."

திரையில் எண்கள் ஓடின.

"காலையில ஒம்போது மணி... முப்பத்தி மூணு டிகிரி. ஒம்பதரை... இருபத்தேழு. ஒம்பது அம்பது... இருபத்து மூணு. நல்லா இறங்கிட்டே வருது."

"அப்புறம்?"

"அப்புறம் இல்ல."

"இல்லன்னா?"

"ஒம்பது அம்பதுக்கு மேல ஒரு எழுத்து கிடையாது. எழுதிட்டு இருக்கறப்பவே புடுங்கியிருக்காங்க. அங்கயே அறுந்து போச்சு. திரும்ப செருகினப்ப சந்தனம். அதனால பெட்டியால மேல எழுத முடியல."

தனம் மேஜையைப் பிடித்துக்கொண்டாள். ஒன்பது ஐம்பது! அப்போது அவள் மெஷின் ரூமுக்குள்தான் இருந்தாள்!

ராஜேந்திரன் பெருமூச்சு விட்டார். பாக்கெட்டிலிருந்து ஒரு கவரை எடுத்தார். டிஸ்மிஸ் லெட்டர். ஜீப் வருவதற்குள் டைப் அடித்துத் தயார்!

"பார்த்தீங்களா சார்? சாட்சி ஊமை! இனிமே என்ன... அந்த நம்பர் மட்டும் சொல்லிடுங்க. எழுதிடறேன்."

பேனா மூடி திறந்தது. கோட்டின் மேல் வந்து நின்றது.

"ஒரு நிமிஷம் சார்" என்றாள் கீதாஞ்சலி. "இதுல வேற ஒண்ணு இருக்கே!"

"என்ன?"

"போட்டோ. பதினாலு போட்டோ!"

பேனா கீழே விழுந்தது!

"டெம்பரேச்சர் எழுதற கார்டுல போட்டோ எப்படிம்மா வரும்?" புகழேந்தி நெற்றியைச் சுருக்கினார்.

"கேமராவுல போட்டாதான் வரும்."

ஐந்து பேர் கண்ணும் ஒரே இடத்துக்குப் போயின. ராஜேந்திரனின் கழுத்துக்கு.

அவர் கேமராவை இரண்டு கைகளாலும் மூடினார். பாக்கெட்டிலிருந்து வெளியே வந்த அந்தக் கைகளின் நகக்கண்ணில் இன்னும் மஞ்சளாய்ச் சந்தனம்!

"எ... என் கேமரா கார்டு நிறைஞ்சு போச்சு சார். சீஃப் கெஸ்ட் வந்து நிக்கறாரு... படம் எடுக்கலன்னா நல்லாவா இருக்கும்? பெட்டியில இருந்த கார்டு அதே சைஸ்ல இருந்துச்சு. சும்மா பத்து நிமிஷம் கடன் வாங்குனேன்..."

"அடப் பாவி!" என்றாள் தனம். "லாகர் கார்டை வேற எதுலயும் போடாதீங்கன்னு பெட்டி மேலயே எழுதியிருக்குமே சார்!"

"அது மேலதான் நீங்க குங்குமம் வெச்சிருந்தீங்களே!" என்று முனகிவிட்டு, ராஜேந்திரன் எஸ்.ஐ. பக்கம் திரும்பினார்.

"ஆனா சத்தியமா சிவப்புக் கைப்பிடியை நான் தொடல சார்! கம்பெனிக்குத் தெரிஞ்சா என் வேலை போயிடும்னுதான் மறைச்சேன். போட்டோவெல்லாம் வேணாம் சார், பர்சனல்..."

"பர்சனலா?" புகழேந்தி மேஜையில் அறைந்தார். "நேத்து அந்த ரூம்ல யாரு எங்க நின்னான்னு அதுல தெரியும்யா! ஓபன் பண்ணும்மா! அவன் எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் விட மாட்டேன்!"

முதல் படம். பூசணிக்காய்.

இரண்டாவது. மாலை போட்ட மோட்டார்.

மூன்று முதல் பத்து வரை புகழேந்தி. பொன்னாடையோடு. பக்கவாட்டில். மீசையைத் தடவியபடி. நல்ல படங்கள். அவரே ஒரு நிமிஷம் கேஸை மறந்து ரசித்தார்.

"ஒன்பதாவதை ஒரு பிரின்ட் போடும்மா."

பதினொன்றாவது படம். ஓரத்தில் ஆரஞ்சு எழுத்தில் மணி. 10.03.

"நிறுத்துங்க!" தனம் கத்தினாள். "ஜன்னல்ல பாருங்க!"

ஜன்னலுக்கு வெளியே, கேட்டை நோக்கி, தலையில் பொரி மூட்டையோடு ஒருத்தி போய்க்கொண்டிருந்தாள். தனம்! அதே படத்தில், சுவரில், சிவப்புக் கைப்பிடி.

மேலே இருந்தது!

ஆதிமூலம் கையெடுத்துக் கும்பிட்டார். திரையைத்தான்.

"அப்ப இந்தப் பொண்ணு இல்ல" என்றார் புகழேந்தி. குரல் கிணற்றிலிருந்து வந்தது போல் இருந்தது. "அடுத்தது போடு. அந்தக் கையை நான் பார்க்கணும்!"

பன்னிரண்டாவது படம். 10.05.

லைட் அணையப் போகிற நேரம். கற்பூரம் எரிகிறது. ஃபிளாஷ் வெளிச்சத்தில் நடுவே ஒரே ஓர் உருவம் பளிச்சென்று நிற்கிறது.

ஒரு கை லைட் சுவிட்சின் மேல்.

இன்னொரு கை சிவப்புக் கைப்பிடியின் மேல். பாதி இறங்கிய கைப்பிடி!

தோளில் பொன்னாடை.

கேமராவைப் பார்த்துச் சிரிப்பு.

சிரிப்புக்கு மேலே... மீசை!

எதிர் மரத்துக் குரங்குதான் முதலில் ஏதோ சொன்னது.

"இது... இது கிராஃபிக்ஸ்!" என்றார் புகழேந்தி.

"பொன்னாடை நம்ம பொன்னாடைதாங்கய்யா" என்றார் சின்னசாமி.

"யோவ் ராஜேந்திரா! தீபாராதனை தெரியணும், லைட்டை அணைங்கன்னு நீதானய்யா கத்தின? பெரிய மனுஷன், உங்க கையாலயே அணைங்கன்னு சொன்னியே! முதல்ல ஒண்ணை இழுத்தேன். லைட் அணையல. சரின்னு பக்கத்துல இருந்ததைத் தட்டினேன், அணைஞ்சுது..."

சொல்லிக்கொண்டே வந்தவர் நின்றார்.

வாக்குமூலம் முடிந்து விட்டது என்பது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது!

"பூஜை முடிஞ்சதும் லைட்டை மட்டும் போட்டோம் சார்" என்று முனகினார் மேனேஜர்.

புகழேந்தி மெல்ல கீதாஞ்சலியின் பக்கம் குனிந்தார். குரலில் தேன்.

"அம்மாடி... அந்த ஃபார்மேட்டுன்னு ஒண்ணு சொன்னாங்களே... அதைக் கொஞ்சம் பண்ணிடேன்."

"கார்டு பூட்டியிருக்கு சார்."

"திற."

"திறந்து அழிச்சிடலாம். ஆனா காப்பி ரெண்டு இருக்கே! ஒண்ணு என் டிராயர்ல."

"இன்னொண்ணு?"

தனம் சாப்பாட்டுப் பையை இடுப்போடு அணைத்துக்கொண்டாள்.

"ஊறுகா பக்கத்துல சார்."

ராஜேந்திரன் கையிலிருந்த லெட்டரை அவசரமாய்க் கிழிக்கப் போனார். தனம் தடுத்தாள்.

"கிழிக்காதீங்க சார். கஷ்டப்பட்டு டைப் அடிச்சிருக்கீங்க. அலட்சியம், பொறுப்பில்லாமை, மெஷினைத் தப்பாப் பயன்படுத்துனதுன்னு எல்லாம் சரியாத்தான் போட்டிருக்குது. மேல பேரை மட்டும் மாத்திட்டு கம்பெனிக்கு அனுப்பிடலாமா?"

"தனம்... தாயே... உன் பர்மனென்ட் ஆர்டர் என் மேஜை மேலயே இருக்கும்மா. ஒண்ணாந்தேதி எதுக்கு? இப்பவே போய் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்!"

"போடுங்க சார். அப்படியே இன்னொண்ணு. வர்ற வருஷம் ஆயுத பூஜைக்கு கார்டை நானே எடுப்பேன், நானே வெப்பேன். பொட்டு பெட்டிக்கு மட்டும்தான்."

"சரிம்மா."

"அப்ப போண்டா?" என்றார் ஆதிமூலம்.

புகழேந்தி தொப்பியைச் சரி செய்தார். மீசையைத் தடவினார். அதில் பழைய விறைப்பு இல்லை. வாசலை நோக்கி மெதுவாய் நகர்ந்தார்.

"சரி, சரி. தெரியாம நடந்தது. கேஸ் குளோஸ். வா சின்னசாமி, போலாம். வெயில் ஜாஸ்தியா இருக்கு, தொப்பியைக் கழட்டிக்கறேன்..."

கை தொப்பிக்குப் போனது.

க்ளிங்!

பின்னால் இரும்புச் சத்தம் கேட்டுத் திரும்பினார்.

சின்னசாமி விலங்கைக் கையில் விரித்துப் பிடித்துக்கொண்டு, ரொம்பப் பணிவாக நின்றிருந்தார்.

"கழட்டறதுக்கு முன்னாடி ஒரு சபதம் பாக்கி இருக்குதுங்களே ஐயா. ரெண்டு கையும் போட்டோவுல இருக்கறதால எந்தக் கைன்னு நீங்களே சொல்லிடுங்க... ஆனா நல்லா யோசிச்சு நீட்டுங்க. இதுக்கு சாவி தொலைஞ்சு மூணு வருஷம் ஆவுது!"